கடலில் திரிந்த டால்பினைப் பிடித்துக் காட்சிக்கு வைப்பது நியாயமா?

கேள்வி

வணக்கம். சென்ற மாதம் என் ஒன்பது வயது மகளை டால்பின் காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவை வளையம் தாண்டியதையும் பந்தை மூக்கால் ஏந்தியதையும் பார்த்து அவள் துள்ளிக் குதித்தாள். மறைப்பானேன், நானும் மகிழ்ந்துதான் போனேன். வெளியே வந்த பிறகுதான் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை இருக்கையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அதை எடுப்பதற்காகத் திரும்பி உள்ளே போனபோது அரங்கில் ஒருவரும் இல்லை. பின்புறம் இருந்த சிறிய குளத்தில் ஒரு டால்பின் மட்டும், இரும்புக் கம்பிக் கதவை ஒட்டியபடி, நீரின் மேற்பரப்பில் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. அவ்வப்போது தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளை திறந்து காற்று வெளியேறும், மூடிக்கொள்ளும், மறுபடியும் அதே நிலை. நாங்கள் நின்றிருந்த பத்து நிமிடமும் அது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "அது ஏன்பா கதவையே பார்த்துக்கிட்டு இருக்கு?" என்று மகள் கேட்டாள். தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஊழியர், "அது புதுசும்மா, கடல்ல புடிச்சது, இன்னும் பழகல" என்றார்.

அதுவரை இப்படிப்பட்ட டால்பின்கள் எல்லாம் காட்சியகங்களிலேயே பிறந்து வளர்பவை என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மனம் ஒரு நிலையில் இல்லை. ஆனாலும் மறுபக்கமும் தோன்றுகிறது. கடலில் சுறா உண்டு, வலை உண்டு, பட்டினி உண்டு. இங்கே வேளைக்கு மீனும் மருத்துவரும் இருக்கிறார்கள். நேரில் பார்க்காத உயிரின் மீது குழந்தைகளுக்கு அன்பு எப்படி வரும் என்றும் தோன்றுகிறது. தவிரவும், மீனைப் பிடித்து உண்பதில் குற்றம் காணாத நான், டால்பினைக் கொல்லாமல் வளர்ப்பதில் குற்றம் காண்பது முரணாகாதா? இவற்றைப் பற்றி ஆழ்ந்து யோசித்தவர்கள் இருந்தால், எனக்காக இல்லாவிட்டாலும் என் மகளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலுக்காகவாவது, எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

நண்பரே, நல்ல கேள்வி. விவாதத்திற்குள் போவதற்கு முன், 'கடலில் பிடித்தது' என்ற அந்தச் சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் பலர் இதைத் தூண்டில் போட்டு ஒரு மீனை எடுப்பதைப் போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

உலகில் மிகவும் அறியப்பட்ட இடம் ஜப்பானில் உள்ள தைஜி. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் அங்கே பருவம் தொடங்குகிறது. எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்று அரசே அளவு நிர்ணயிக்கிறது. படகுகள் கடலுக்குள் போய், டால்பின் கூட்டம் ஒன்று தென்பட்டதும் அதன் பின்னே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படகிலிருந்தும் நீண்ட இரும்புக் குழாயின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மேலே தெரியும் மறுமுனையைச் சுத்தியலால் விடாமல் அடிப்பார்கள். டால்பின் வழியைக் கண்டுகொள்வது ஒலியால். இரையைத் தேடுவதும் ஒலியால். குட்டியைக் கூப்பிடுவதும் ஒலியால். அந்த உயிருக்கு இந்தச் சத்தம் ஒரு சுவர். படகுகளுக்கு அடியில் நீந்தித் தப்பிவிட ஆழம் இருந்தும் அவை அந்தச் சுவரைக் கடப்பதில்லை; அதிலிருந்து விலகி விலகிக் கரைப்பக்கம் ஓடி, குடா ஒன்றுக்குள் வந்து சேர்கின்றன. வாயில் வலையால் அடைக்கப்படுகிறது. அதன் பிறகு பயிற்சியாளர்கள் நீருக்குள் இறங்குகிறார்கள். இளவயதுப் பெண் டால்பின்களும் உடலில் வடுவில்லாதவையும்தான் பெரும்பாலும் தேர்வாகின்றன. மீந்தவற்றில் சில மறுபடியும் கடலுக்கு விடப்படும். மற்றவை அங்கேயே இறைச்சிக்காகக் கொல்லப்படும். தேர்ந்தெடுப்பதும் கொல்வதும் இரு வேறு தொழில்கள் அல்ல. உயிரோடு விற்கும் ஒரு டால்பினுக்குக் கிடைக்கும் பணம் அதன் இறைச்சிக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அந்த வேட்டைக்கு ஆகும் செலவைத் தாங்குவதில் காட்சியகங்கள் கொடுக்கும் விலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த விலை நுழைவுச்சீட்டிலிருந்து வருகிறது. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்குவதற்கு அன்று. சங்கிலியின் எந்தக் கண்ணி நம் கையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு.

2015 ஏப்ரல் மாதம், உலக உயிர்க்காட்சியகச் சங்கம் தன் ஜப்பானிய உறுப்புச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அதன் பின்னர் அந்த ஜப்பானியச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, தைஜியில் பிடித்தவற்றை உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. காட்சியகத் துறையே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் சங்கத்தில் சேராத வாங்குபவர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்ததால் வேட்டை நிற்கவில்லை.

பிடிபட்ட பிறகு நடப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீரில் மிதக்கும்போது தெரியாத எடை, நீருக்கு வெளியே நுரையீரலை அழுத்துகிறது, உடல் சூடேறுகிறது. துடுப்புகளுக்குத் துளையிட்ட துணித் தொட்டிலில் படுக்கவைத்து, தோல் காயாமல் நீர் தெளித்துக்கொண்டே அவற்றைக் கொண்டுசெல்கிறார்கள். போட்டில்நோஸ் எனப்படும் குப்பிமூக்கு டால்பின்களைப் பற்றி 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடலில் பிடிக்கப்பட்ட உடனடிக் காலத்தில் அவற்றின் இறப்பு விகிதம் ஆறு மடங்கு உயர்கிறது என்று கண்டது. உங்கள் மகள் பார்த்த டால்பின் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது; தாண்டாதவற்றை எந்த அரங்கிலும் பார்க்க முடியாது.

மீன் உண்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அது தனி விவாதம், அதில் எந்தப் பக்கம் நின்றாலும் இந்தக் கேள்விக்கான விடை மாறுவதில்லை என்பது என் எண்ணம். பசிக்காக ஓர் உயிரைக் கொல்வதை ஏற்றுக்கொள்பவர்கூட, அரை மணி நேர வேடிக்கைக்காக ஓர் உயிரின் 30 ஆண்டுகளை எடுத்துக்கொள்வதை ஏற்க மறுக்கலாம். அதில் முரண் எதுவும் இல்லை.

மறுமொழி 2

நான் 11 ஆண்டுகள் ஒரு காட்சியகத்தில் கடல் பாலூட்டிகளின் பராமரிப்பாளராக இருந்தவன். மேலே எழுதியவர் பிடிப்பைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிடிப்பையும் பராமரிப்பையும் ஒன்றாக்கி, அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்பது போன்ற எண்ணம் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். குருதிச் சோதனைக்காகத் தானே வந்து வால்துடுப்பை நம் மடியில் வைக்கும் அளவுக்கு ஒரு டால்பின் நம்மை நம்புவது, மிரட்டலால் வருவதன்று. அமெரிக்கக் காட்சியகங்களில் உள்ள குப்பிமூக்கு டால்பின்களின் வாழ்நாள் இன்று கடலில் வாழ்பவற்றுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வாளர்கள் அத்தகைய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் கணக்கைப் புறந்தள்ள முடியாது. அங்கே 1980-களின் இறுதிக்குப் பிறகு தம் கடலில் டால்பின்களைக் காட்சிக்காகப் பிடிப்பது நின்றுவிட்டது; இன்று இருப்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை. ஆகவே எல்லாக் காட்சியகங்களையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. என் பணிக்காலத்தில் கடலிலிருந்து பிடிக்கப்பட்ட டால்பின் ஒன்று எங்களிடம் வந்தது. கடல் டால்பினுக்குச் செத்த மீன் உணவென்றே தெரியாது. தான் துரத்திப் பிடிப்பதுதான் அதற்கு இரை. உறைநிலையிலிருந்து உருகவைத்த மீனை நாங்கள் நீட்டும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நாள், குளத்து நீரை மார்பளவுக்கு இறக்கி, நான்கு பேர் அதைப் பிடித்துக்கொள்ள, ஐந்தாமவர் துண்டைக் கொண்டு வாயைத் திறந்து மீனைத் தொண்டைவரை கையால் தள்ளினார். பல நாள் இதே வேலை. பிறகு ஒரு காலையில் அது தானாகவே ஒரு மீனை வாங்கி விழுங்கியது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம், ஒருவர் அழுதேவிட்டார். பிழைத்துக்கொண்டதே என்ற மகிழ்ச்சி அது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாளை இன்று நினைக்கும்போது, நாங்கள் எதற்காகக் கைதட்டினோம் என்ற கேள்வி எழுகிறது. வேட்டையாடத் தெரிந்த ஓர் உயிர் அதைக் கைவிட்ட நாளும் அதுதானே? வேளைக்கு மீன் கிடைக்கிறதே என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் கண்முன் வந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பராமரிப்பாளராக இருந்த ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு இன்னும் தெளிவாகாத ஓர் இடம் இருக்கிறது. பிடிபட்ட அந்த ஓர் உயிர் பழகிக்கொண்டது, நெடுநாள் வாழ்கிறது, அன்பாகவும் நடத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறு மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது எங்கே இருக்கிறது?

மறுமொழி 3

இருக்கிறது, அது எடுத்துவரப்பட்ட இடத்தில் இருக்கிறது. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் குளத்தில் இருக்கும் டால்பினைச் சுற்றியே நடக்கிறது. விட்டுப்போன கூட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு குப்பிமூக்கு டால்பினும் சிறு வயதிலேயே தனக்கென ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. அது ஏறத்தாழப் பெயரைப் போன்றது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடலில் வாழும் டால்பின்களுக்கு அவற்றின் சொந்தச் சீழ்க்கையின் போலியை ஒலிபரப்பியபோது, அவை தம் பெயருக்கு மட்டும் பதில் கொடுத்தன. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, முன்பு ஒன்றாக இருந்து பின் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றப்பட்ட டால்பின்கள், 20 ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய தோழரின் சீழ்க்கையை அடையாளம் காண்கின்றன என்று காட்டியது. இந்த இரண்டாம் ஆய்வு காட்சியக டால்பின்களைக் கொண்டே நடந்தது. அடைத்து வைத்ததால் நமக்குக் கிடைத்த அறிவுகளில் இதுவும் ஒன்று: பிரித்தவர்களை அவை மறப்பதில்லை. பெற்ற அறிவை மதிக்கிறேன். அப்படி மதிப்பதென்றால் அது சொல்வதைக் கேட்கவும் வேண்டும்.

கூட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஓர்காக்கள். கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வாங்கிவிட்டாலும் அவை டால்பின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர்கள். 1970 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பென் கோவ் என்ற குடாவுக்குள் அவற்றின் பெருங்கூட்டம் ஒன்று படகுகளாலும் வெடிகளாலும் விரட்டப்பட்டது. ஏழு குட்டிகளைப் பிடித்துக் காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். வலையில் சிக்கிச் சில மூழ்கி இறந்தன. இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, வெளியே தெரியாதபடி கடலடிக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் அவற்றுள் சில கரை ஒதுங்கியபோதுதான் செய்தி வெளியானது. செய்கிறவர்களே மறைக்க நினைத்த செயல் அது. 1976-இல் வழக்கு ஒன்றின் முடிவில் அந்த மாநிலத்தின் கடலில் பிடிப்பு நின்றது. ஆனால் அதற்குள் தெற்குக் கடலோர ஓர்காக்கள் என்று அறியப்படும் அந்தச் சிறு இனக்குழுவிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவை பிடிபட்டோ இறந்தோ போயிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை குட்டிகள். சில ஆண்டுகளில் தாயாகவும் தந்தையாகவும் ஆகியிருக்க வேண்டியவை. 2005-இல் அந்தக் குழு அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் எண்ணிக்கை 80-க்கும் குறைவு. உணவாகும் சால்மன் மீன் குறைந்தது, கடல் மாசு, கப்பல் இரைச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு தலைமுறையையே இழந்திருந்த குழுவின் மீதுதான் அவை எல்லாம் வந்து விழுந்தன.

அந்த ஏழு குட்டிகளில் ஒன்று தோகிதே. லோலிதா என்ற காட்சிப் பெயர் சூட்டி, மயாமியில் ஒரு குளத்தில் 50 ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்தார்கள். சொந்தக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் ஒருவழியாக உருவான பிறகு, 2023 ஆகஸ்டில், புறப்படுவதற்கு முன்பே அது இறந்தது. நீங்கள் கேட்டதைப் போல அது பழகிக்கொண்டது, நெடுநாள் வாழ்ந்தது, அதை நேசித்தவர்களும் இருந்தார்கள். கடலில் அதன் தாய்வழிக் கூட்டத்தில் அதற்குரிய இடம் அத்தனை ஆண்டுகளும் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தை எந்தப் பராமரிப்பும் நிரப்ப முடியாது. தவறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதற்கு என் விடை இதுதான்.

மறுமொழி 4

சுருக்கமாக ஒரு திருத்தம் மட்டும். பிடிப்பது எந்நிலையிலும் தவறு என்ற முடிவுக்கு இந்த விவாதம் போய்விடக் கூடாது என்று அஞ்சுகிறேன். அமெரிக்காவின் சாரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் டால்பின்களை ஆராய்ந்து வருபவர்கள், உடல்நலச் சோதனைக்காக அவற்றைச் சிறிது நேரம் வலையிட்டுப் பிடித்து, உடனே அதே இடத்தில் விட்டுவிடுகிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றில் அழியும் நிலையில் இருந்த, டால்பினுக்கு உறவான துடுப்பிலாக் கடற்பன்றிகளைப் பிடித்து, தியான் அ சோ என்னும் பழைய ஆற்றுவளைவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து விட்டு வளர்த்தார்கள். அங்கே அவை இனம்பெருக்கி வாழ்கின்றன. மாறாக, மெக்சிகோவின் வக்கித்தா என்னும் கடற்பன்றி இனத்தைக் காப்பாற்ற 2017-இல் நடந்த முயற்சியில், பிடித்த பெண் கடற்பன்றி ஒன்று சில மணி நேரத்தில் இறந்தது; உடனே பிடிக்கும் பணியை நிறுத்திவிட்டார்கள். எண்ணம் தூய்மையாக இருந்தும், உலகிலேயே சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தும், பிடிப்பு ஓர் உயிரைக் கொல்ல முடியும் என்பதற்கு அது சான்று. தாங்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தியவர்களின் நேர்மைக்கும் அது சான்று.

ஆகவே, யாருடைய நன்மைக்காகப் பிடிக்கிறோம் என்பதே என் அளவுகோல். 2019-இல் கனடா இயற்றிய சட்டம் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் காட்சிக்காக அடைத்து வைப்பதைத் தடுத்தது; அடிபட்டவற்றை மீட்டுப் பராமரிப்பதற்கு இடம் விட்டது. 2013-இல் இந்தியாவில் மத்திய உயிர்க்காட்சியக ஆணையம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வணிகக் கேளிக்கைக்காக அவற்றை அடைப்பதையே குறிப்பிட்டது. குழந்தைகள் அன்பு கொள்வதற்கு நேரில் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வதற்கும் இதே அளவுகோல் போதும்: அந்த அன்பினால் டால்பினுக்குக் கிடைப்பது என்ன? அரங்கில் அமர்ந்திருக்கும் குழந்தை, டால்பின் சிரிக்கிறது என்று நம்பி வீடு திரும்புகிறது. அது சிரிப்பு அன்று. தாடையின் அமைப்பு அப்படி. இறந்து கரை ஒதுங்கிக் கிடக்கும்போதும் அதே 'சிரிப்பு' முகத்தில் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் மகள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "அப்போ அதைத் திருப்பிக் கடல்ல விட்டுடலாமே?" என்கிறாள். முடியுமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

இதற்கு நானே பதில் எழுதுகிறேன், ஐயா. சில முடியும், பல முடியாது. எந்த வயதில் பிடிபட்டது, எத்தனை ஆண்டுகள் அடைபட்டிருந்தது, சொந்தக் கூட்டம் இன்னும் அதே கடலில் இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது அது. தென் கொரியாவின் ஜெஜு தீவுக்கருகே 2009-இல் மீன்வலையில் சிக்கிச் சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஜெதோல் என்ற டால்பினை, 2013 ஜூலையில் அதே கடலில் விட்டார்கள். அதற்கு முன் கடலிலேயே அமைத்த வலைக்கூண்டில் வைத்து, உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்க மறுபடியும் பழக்கினார்கள். அதனோடு இருந்த சம்பால் என்ற பெண் டால்பின் அதுவரை காத்திருக்கவில்லை. வலையில் இருந்த ஓர் ஓட்டை வழியாக முன்னதாகவே வெளியேறித் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 2016-இல் அது குட்டியோடு நீந்துவதைக் கண்டார்கள். ஆனால் 17 ஆண்டுகளுக்கு அருகில் அடைபட்டிருந்த பிபோங் என்ற டால்பினை அதே கடலில் 2022-இல் விட்ட பிறகு, அது மீண்டும் எவர் கண்ணிலும் படவில்லை. காட்சியகத்திலேயே பிறந்தவற்றைத் திடீரென்று கடலில் விடுவது கருணை ஆகாது. அவற்றுக்கு, கடலின் ஒரு பகுதியை வலையால் அடைத்த பெரிய பாதுகாப்பு இடங்களே பொருத்தம். அத்தகையவை இப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கின்றன.

நீங்கள் பார்த்த டால்பின் புதிது என்று அந்த ஊழியர் சொன்னதால், அதற்கு வாய்ப்பு இருக்கிறது. எந்தக் கடலில், எந்த ஆண்டில் அது பிடிக்கப்பட்டது என்று அந்தக் காட்சியகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். டால்பின்கள் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அதற்குரிய அனுமதி ஆவணங்கள் இருந்தாக வேண்டும். நான் பணியில் இருந்தபோது பார்வையாளர் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் நிர்வாகத்தின் மேசைக்கு அது போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் மகள் முதலில் கேட்டதற்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தகைய கம்பிக் கதவுகளுக்கு மறுபுறம் வழக்கமாக இன்னொரு குளம் இருக்கும். காட்சி முடிந்ததும் மற்ற டால்பின்களை அங்கே அனுப்பிவிட்டு, புதிதாக வந்ததைத் தனியே வைப்பதுண்டு. கம்பிகளின் ஊடாக நீர் போகும், குரலும் போகும். நாங்கள் வைத்திருந்ததும் இரவு முழுவதும் அந்தக் கதவருகேதான் நின்றது. ஆகவே, அது கதவைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தது என்று மகளிடம் சொல்லுங்கள்.